சூரியனுக்குச் சம்மன்

மருதங்காட்டுச் சிங்க ராஜாவுக்குத் தன் பிடரிமயிர் மேல் கொள்ளைப் பிரியம். தினமும் குளத்தில் இறங்கி, புழுதி போக அதை அலசுவார். பிறகு கரையிலுள்ள பாறையில் ஏறிப் படுப்பார். வெயிலும் காற்றும் சேர்ந்து பிடரியை உலர்த்திவிடும். அதற்குள் ராஜா ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுவார். அவர் தூங்கும் நேரம்தான் காட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. பிடரி காயவே இல்லை. ராஜாவுக்குத் தும்மல் வந்தது. ராஜா தும்மினால் மந்திரிகளும் தும்ம வேண்டும் என்பது அங்கே முறை. சபையே மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போது நல்லமுத்து என்ற நரி முன்னால் வந்தான்.

"மகாராஜா! நாலு மரத்தை வெட்டிக் கொளுத்தினா பிடரி ஒரு நொடியில காய்ஞ்சிடும்!" என்றான்.

கொளுத்தினார்கள். காய்ந்தது. ராஜா பூரித்துப்போனார். நின்ற இடத்திலேயே நரியை உலர்த்தல் துறை மந்திரி ஆக்கினார்.

மழை நின்றது. நெருப்பு நிற்கவில்லை. ஒருவனுக்குத் துறை என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதை வளர்க்காமல் இருப்பானா? நரி கரடிகளை வேலைக்கு வைத்தான். குளத்தைச் சுற்றிச் சூளைகள் எழுந்தன. பகலும் இரவும் மரம் எரிந்தது. புகை மேலே போய், காட்டின் தலைமேல் கூரை போட்டதுபோல் நின்றுவிட்டது. வெயில் உள்ளே வர வழியில்லை. வெயில் வராததால் குளிர் வந்தது. குளிர் வந்ததால் எல்லோருக்கும் சூளை தேவைப்பட்டது. சூளை பெருகியதால் புகையும் பெருகியது. குளிர்காய வந்தவர்களின் கிழங்கிலும் பழத்திலும் ஒரு பங்கு நரியின் வளைக்குப் போனது.

சில பேர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நல்லமுத்து முழுச் சூரியனையே புகையில் மறைத்துவிட்டான்!

இதில் எல்லோரையும்விட அடிபட்டவள் முள்ளாச்சி என்ற ஓணான்.

அவள் குளக்கரை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடி வைத்திருந்தாள். ஓணான் அடைகாப்பதில்லை. அந்த வேலையை வெயில்தான் செய்யும். மணல் சுட்டால் குஞ்சு வரும். சுடாவிட்டால் முட்டை மண்ணோடு மண்ணாகிவிடும். முள்ளாச்சி தினமும் போய் மணலில் வயிற்றை வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருக்கும். மேலே இன்னும் கொஞ்சம் மணலை இழுத்து மூடுவாள்.

அவளுக்கு ஒரு தோழி உண்டு. எருமை. பெயர் வெள்ளையம்மா. கன்னங்கரேலென்று இருந்தவளுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது.

"அக்கா, இப்படியே விட்டா என் முட்டை ஒண்ணுகூடத் தேறாது. சபைக்குப் போய் ஒரு சட்டம் கேக்கப் போறேன்!" என்றாள் முள்ளாச்சி.

"என்ன சட்டம்டி?"

"மரத்தை எரிச்சு வானத்தை மறைக்கக் கூடாது. காயணும்னா வெயில்ல காயணும், காத்துல காயணும். அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்குடி சட்டம்? நரிகிட்ட நல்லபடியா சொல்லிப் பாரேன்."

"சொன்னேன்க்கா. 'முட்டையை எல்லாம் எடுத்துட்டு என் சூளைக்கு வா தங்கச்சி, சும்மாவே சூடு பண்ணித் தரேன்'ங்கிறான்."

வெள்ளையம்மா அசைபோடுவதை நிறுத்தினாள்.

"அடியே, அவிச்ச முட்டையா ஆயிடுமே!"

"அவன் கேக்கிறதும் அதைத்தான்!"

"ஏறுடி முதுகுல!" என்றாள் வெள்ளையம்மா. எருமை அவ்வளவு வேகமாக நடந்து அந்தக் காடு பார்த்ததில்லை.

குளக்கரைப் பாறையை ஒட்டிய பெரிய மருத மரத்தடியில் சபை கூடியிருந்தது. முள்ளாச்சி எருமையின் கொம்பில் ஏறி நின்று தன் வழக்கைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். மான்கள் கண் கலங்கின. ராஜாகூட ஒரு காதைத் திருப்பினார்.

நரி எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"என் அன்புத் தங்கச்சி சூரியன் சூரியன்னு பேசினாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கே அந்தச் சூரியன்? எல்லாரும் ஒரு தடவை மேலே பாருங்க!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லோர் கண்ணிலும் கரி விழுந்தது.

"யாருக்காச்சும் தெரியுதா?"

"கரிதான் தெரியுது!" என்றது ஒரு குரங்கு, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"பாத்தீங்களா! கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை நம்பி நாம சட்டம் போடலாமா? அப்படியே இருக்குன்னு வையுங்க. அது பகல்ல மட்டும்தான் வருமாம். ராத்திரி ஆனா போயிடுமாம். மழைன்னா வராதாம். இப்படி நினைச்சபோது லீவு போடறவன்கிட்ட நம்ம ராஜாவோட பிடரியை ஒப்படைக்கலாமா?"

"கூடாது! கூடாது!" என்று கரடிகள் கத்தின.

"உன் புகைதான்யா அதை மறைக்குது!" என்று முள்ளாச்சி அலறினாள்.

"அவசரப்படக் கூடாது தங்கச்சி. புகை ஏன் வந்துச்சு? சூளையால. சூளை ஏன் வந்துச்சு? குளிரால. குளிர் ஏன் வந்துச்சு? சூரியன் இல்லாததால. அப்போ தப்பு யார் பேர்ல? சூரியன் பேர்ல!"

சபை கைதட்டியது. ஒருவருக்கும் புரியவில்லை. புரியாத பேச்சுக்குத்தானே கைதட்டல் அதிகம்!

"ஆகவே, சூரியன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு குழு போடுவோம். சம்மதம்னா தலையாட்டுங்க!" என்றான் நரி.

மருதங்காட்டில் ஓட்டு என்றால் தலையாட்டல்தான். இங்கேதான் முள்ளாச்சிக்குக் கெட்ட காலம். ஓணானுக்குக் கோபம் வந்தால் தலை தானாக மேலும் கீழும் ஆடும். அது பிறவிக் குணம். அன்று அவளுக்கு வந்த கோபத்தில் தலை ஆடிய ஆட்டத்தில் கொம்பிலிருந்து விழாமல் இருந்ததே பெரிது.

"ஆஹா! சட்டம் கேட்டவங்களே சம்மதிச்சிட்டாங்க!" என்று நரி துள்ளினான். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள்.

"இது சம்மதம் இல்ல! இது கோபம்!" என்றாள் முள்ளாச்சி.

"ஆட்டின தலை ஆட்டினதுதான் தங்கச்சி!"

குழுவுக்கு ஆட்களை நரியே பொறுக்கி எடுத்தான். தலைவர் ஆந்தை. உறுப்பினர்கள் வௌவாலும் பெருச்சாளியும். மூவரும் பிறந்ததிலிருந்து பகலில் கண்விழித்ததில்லை. ஆட்டுக்கிடைக்கு ஓநாயைக் காவல் வைப்பது என்பது இதுதான்.

குழு ஆராயத் தொடங்கியது. குழு என்றால் சும்மாவா? அது மெதுவாகத்தான் ஆராயும். மணலோ குளிர்ந்துகொண்டே போனது. எறும்புகள் முட்டைக் குழியைச் சுற்றி நோட்டம் விட்டன. முள்ளாச்சி விறைத்துப்போன காலோடு அவற்றை விரட்டினாள். அழுகை வந்தது. அழுதாள்.

ஒரு நாள் குளத்தின் தென்கரைச் சூளையில் வேலை பார்த்த கரடி தேன் குடிக்கப் போய்விட்டது. சூளை அணைந்துவிட்டது. அதற்கு நேர் மேலே வானம் கொஞ்சம் வெளுத்திருப்பதை முள்ளாச்சி பார்த்தாள். ஓடிப்போய் அந்த இடத்து மணலைத் தொட்டாள். சூடு என்று சொல்ல முடியாது. ஆனால் சில்லிப்பு இல்லை.

'ஒரு சூளை அணைஞ்சதுக்கே இவ்வளவு வெளுப்புன்னா, எல்லாச் சூளையும் அணைஞ்சா?' என்று யோசித்தாள். ஆனால் யார் அணைப்பது? நரி அணைப்பானா? ராஜா அணைக்கச் சொல்வாரா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. அந்த நாளில் மருதங்காட்டில் காய்ந்தது அது ஒன்றுதான்.

ஒரு வழியாகக் குழு தன் முடிவோடு சபைக்கு வந்தது. விடிந்தும் விடியாத நேரம். ஆந்தை தூக்கக் கலக்கத்தில் பேசியது.

"மகாராஜா! நாங்கள் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துத் தேடினோம். சூரியன் என்று எதுவும் தென்படவில்லை."

"தலைகீழாகத் தொங்கியும் பார்த்தோம். இல்லை!" என்றது வௌவால்.

"பூமிக்கு அடியிலும் தோண்டிப் பார்த்துவிட்டேன். அங்கேயும் இல்லை!" என்றது பெருச்சாளி.

நரி மீசையை நீவிக்கொண்டான். "அப்புறம் என்ன? சட்டக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யலாம் மகாராஜா!"

முள்ளாச்சி முன்னால் வந்தாள். இந்த முறை அவளுக்குக் கோபம் இல்லை. அவள் குரல் பணிவாக இருந்தது.

"தள்ளுபடி செய்யுங்க மகாராஜா. ஆனா ஒரே ஒரு வேண்டுகோள். சூரியனையே சாட்சிக்குக் கூப்பிடுங்க. பொழுது சாயறதுக்குள்ள அது இந்தச் சபையில வந்து நிக்கலேன்னா, அப்படி ஒண்ணு இல்லேன்னு நானே ஒத்துக்கிறேன். மந்திரியோட சூளைக்கு நானே சுள்ளி பொறுக்கிப் போடறேன்!"

வெள்ளையம்மா பதறிப்போனாள். "அடியே, உனக்குப் பைத்தியமா!"

நரிக்கு வாயெல்லாம் பல். "இதைவிட நியாயம் உண்டா! கூப்பிடுங்க மகாராஜா! முறைப்படியே கூப்பிடுங்க!"

ராஜா தலையசைத்தார். அந்தச் சபையில் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி காகம். அது மருத மரத்தின் உச்சிக்குப் பறந்து போய் மூன்று முறை கூவியது.

"சூரியன்! சூரியன்! சூரியன்!"

அவ்வளவுதான். சம்மன் போய்விட்டது. கூட்டத்திலிருந்த கரடி ஒன்று மெல்ல எழுந்து நரியின் அருகே வந்தது. கொஞ்சம் மந்த புத்தி; ஆனால் நேர்மையான கரடி.

"மந்திரி ஐயா, அப்போ சூளையை எல்லாம் அணைச்சிடட்டுமா?"

"எதுக்குடா?"

"சாட்சிக்குச் சம்மன் போயிடுச்சே!"

நரியின் முகம் சுருங்கிவிட்டது.

மருதங்காட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முன்பு ஒரு முறை ஒரு வெள்ளாட்டைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஆடு வந்து சேரவில்லை. வழியிலேயே ஓநாய் அதைத் தின்றுவிட்டது. கேட்டபோது, 'என் தொழிலைத்தானே செய்தேன்!' என்றது. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. சம்மன் போய்விட்டால் சாட்சி வந்து நிற்கும் வரை, அல்லது அன்றைய பொழுது சாயும் வரை, காட்டில் யாரும் எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. முள்ளாச்சி இதை நம்பித்தான் சாட்சி கேட்டிருந்தாள்.

"மகாராஜா! சூளை தொழில் இல்லை! அது சேவை!" என்று நரி கதறினான்.

"போன வாரம்தானே 'என் தொழிலைக் காப்பாத்துங்க'ன்னு என் காலைப் பிடிச்சே?" என்றார் ராஜா. "அணையுங்கடா!"

சூளைகள் அணைந்தன. காடே கைகட்டிக்கொண்டு காத்திருந்தது. சிலந்தி பாதி வலையில் தொங்கியது. தவளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. பேன் பார்ப்பது தொழிலா பொழுதுபோக்கா என்று குரங்குகளுக்குள் சண்டை வந்தது. புலியும் மானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டன. வெள்ளையம்மா அசைபோட முடியாமல் கன்னத்தில் புல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ராஜாவுக்கு மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை. அவர் என்றைக்குத் தொழில் செய்தார்? வழக்கம்போல் குளத்தில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து பாறையில் உட்கார்ந்தார்.

காலை போனது. வானம் கரி நிறத்திலேயே இருந்தது.

"ஆஜராகாத சாட்சி!" என்றான் நரி.

உச்சிவேளை வந்தது. வானம் கரியிலிருந்து சாம்பலானது. ராஜா தும்மினார். மந்திரிகள் தும்மினார்கள்.

"பிடரி நனைஞ்சு போய் ராஜாவுக்கு ஜன்னி வந்தா யார் பொறுப்பு? இந்த ஓணானா?" என்று நரி குதித்தான்.

முள்ளாச்சி அண்ணாந்து நின்றாள். அவள் கண் வானத்திலேயே இருந்தது. கணக்குத் தப்பிவிட்டதோ என்ற பயம் அவளை உலுக்கியது. தப்பினால் நாளை முதல் அவள் பொறுக்கும் சுள்ளியே அவள் பிள்ளைகளுக்கு எமனாகும்.

அப்போது மேற்கே மலையிடுக்கிலிருந்து காற்று கிளம்பியது. அதற்கு யாரும் சம்மன் அனுப்பவில்லை. தானாகவே வந்தது. சாம்பல் நிறத்தை ஓரமாகத் தள்ளியது. வானத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. கிழிசல் பெரிதானது. பளீரென்று வெயில் வந்து சபையின் நடுவில் விழுந்தது.

காகம் இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. "சாட்சி ஆஜர்!"

சபை வாயைப் பிளந்தது. ஆந்தை இரண்டு இறக்கையாலும் கண்ணை மூடிக்கொண்டு, "இப்போதும் எனக்குத் தென்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!" என்றது.

நரி விடவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினான்.

"உன் பேர் என்ன? சொந்த ஊர் எது? இத்தனை நாளா எங்கே போயிருந்தே? பாருங்க மகாராஜா, வாயே திறக்க மாட்டேங்குது! மழுப்பற சாட்சி!"

"சும்மா இருடா!" என்றார் ராஜா. அவர் கண்கள் சொக்கியிருந்தன. "சாட்சி நல்லாத்தான் பேசுது. என் பிடரியில பேசுது. ஆஹா!"

ராஜாவின் வலப்பக்கப் பிடரி காய்ந்து புசுபுசுவென்று எழுந்து நின்றது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நரிக்குத் தெரியாதா? சட்டென்று குரலை மாற்றினான்.

"மகாராஜா! சூரியன் இருக்குன்னு முதல்லேருந்தே சொல்லிட்டு வர்றவன் நான்! நான் சூரியனுக்குப் பரம பக்தன்! இனிமே புகை குறைச்சலா போடறேன். என் வாக்குறுதி போதும். சட்டம் கிட்டம்னு எதுக்குப் பெரிய வார்த்தை எல்லாம்?"

"அதுவும் சரிதான்," என்றார் ராஜா, அரைத் தூக்கத்தில். "வாக்குறுதி போதும்னு தோணுது. என்னம்மா ஓணான்?"

முள்ளாச்சி ராஜாவின் பாறையில் தாவி ஏறினாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ?

"போதாது மகாராஜா!" என்றாள். "வாக்குறுதி அவர் வாயில இருக்கு. அவர் வாயை அவரே எப்ப வேணா மூடிக்கலாம். சட்டம் காட்டுக்குச் சொந்தம். நாளைக்கு நீங்க தூங்கும்போதும் அது முழிச்சிருக்கும். எனக்குச் சட்டம்தான் வேணும்!"

"என்னை நம்பலையா தங்கச்சி?" நரி நெஞ்சில் கைவைத்தான். கண்ணில் நீர்கூட வரவழைத்தான். "இந்த மருத மரத்து மேல ஆணை! இனிமே என் சூளையிலிருந்து ஒரு இழை புகை வானத்தை..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பாறைமேல் ஒரு நிழல் விழுந்தது. சாட்சி வந்துவிட்டதால் கட்டுப்பாடு முடிந்துவிட்டது அல்லவா? கரடிகள் முறைப்படி வேலைக்குத் திரும்பிப்போய், முறைப்படி எல்லாச் சூளையையும் மூட்டிவிட்டிருந்தன. முந்தைய நாளைவிடக் கூடுதலாகவே. அரை நாள் வேலை பாக்கி இருந்ததே!

புகை எழும்பிச் சூரியனை மறைத்தது. ராஜா கண் விழித்தார். வலப்பக்கப் பிடரி புசுபுசுவென்று நின்றது. இடப்பக்கப் பிடரி ஈரமாகத் தொங்கியது. பார்ப்பதற்கு ஒரு பக்கம் சிங்கமாகவும் மறுபக்கம் நனைந்த பூனையாகவும் இருந்தார். குரங்குகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டன.

"நல்லமுத்து! உன் வாக்குறுதிக்கு ஆயுசு இவ்வளவுதானா?" என்று ராஜா கர்ஜித்தார். "சட்டம்! இப்பவே! எங்கே கிளிகள்?"

மருதங்காட்டில் சட்டத்தை எழுதி வைப்பதில்லை. கிளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவை தினமும் காலையில் காடு முழுக்கக் கத்தும். முள்ளாச்சி சொல்லச் சொல்ல ராஜா ஒப்புக்கொண்டார், கிளிகள் படித்தன.

"வானத்தை மறைக்கும் புகை கூடாது! காய வைப்பதை வெயிலில் காய வை! தூற்றுவதைக் காற்றில் தூற்று! வெட்டிய இடத்தில் மரம் நடு! ராஜாவுக்கும் இதுவே சட்டம்!"

கடைசி வரியைக் கேட்டு ராஜா கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனால் பிடரியின் ஈரப் பக்கம் முதுகில் சொட்டியது. தலையாட்டிவிட்டார். சபையும் ஆட்டியது. கரடிகள் மரக்கன்று நடும் வேலைக்கு மாறின. சூளை வெக்கையில் வெந்துகொண்டிருந்த அவற்றுக்கு அதில் பரம சந்தோஷம்.

நரி மட்டும் ராஜாவின் அருகே போய், "வெயில் துறைன்னு ஒண்ணு ஆரம்பிச்சா, அனுபவமுள்ள மந்திரி ஒருத்தர் தேவைப்படுமே?" என்று கேட்டான்.

"வெயில் அது பாட்டுக்கு வரும். அதுக்கு மந்திரி வேண்டாம்!" என்றார் ராஜா.

மணல் சுட ஆரம்பித்தது. சில நாள் கழித்துக் குளக்கரையில் மண் லேசாக அசைந்தது. குட்டித் தலை ஒன்று வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அதன் பிறகு இன்னொன்று.

முள்ளாச்சி மற்றவற்றுக்காகக் காத்திருந்தாள். வெள்ளையம்மாவும் பக்கத்தில் நின்றாள். அந்தி வரை காத்திருந்தார்கள். மற்ற முட்டைகள் பொரியவில்லை. குழு ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே அவை குளிர்ந்து போயிருந்தன. முள்ளாச்சி அந்த மணலைக் காலால் மெல்ல மூடினாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்க்கா அந்தச் சட்டம்," என்றாள். பிறகு மூன்று பிள்ளைகளையும் வெயில் படும் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இருப்பதை இல்லையென்று சாதிப்பவனோடு வாதாடிப் பொழுதைக் கழிக்காதே. அதை மறைக்கும் புகையை நிறுத்து, நிறுத்தியதைச் சட்டமாக்கும் வரை வீடு திரும்பாதே.